ஊம் கொட்டுகிற இடம்

கதை கேட்க வீட்டில் ஓர் ஆள்கூட இல்லாத மனிதர், கதைகள் எப்படிச் சொல்லப்படுகின்றன என்று பதினோரு வருஷம் எழுதிக்கொண்டிருந்தது எதற்காக?

தேவநாதன் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க்கு. 1930-இல் மனைவி காலராவில் இறந்தபின் தாமே சமைத்துத் தனியே சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாசஞ்சர் ஏறித் திண்டிவனம் போவார். அங்கே மல்லாட்டைக் கிடங்கில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வேர்க்கடலை ஓடு உடைப்பார்கள். சவுரியம்மாள் என்ற கூலிக்காரி ராஜா ராணிக் கதை சொல்வாள். தேவநாதன் ஒரு சாக்கின்மேல் அமர்ந்து, தலை நிமிராமல் எழுதுவார்.

எல்லாக் கதையும் பெயரில்லாத ஊரில் தொடங்குவதைக் கவனித்தார். ராஜாவுக்குக் கோபம் வரும். அவன் முகம் எப்படி இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. “காட்டுக்குப் போனான். போனவன் புலியைப் பார்த்தான். பார்த்தவன் மரத்தில் ஏறினான்.” இப்படி முடித்த சொல்லையே எடுத்து அடுத்ததைத் தொடங்குவது, மறந்துவிடாமல் இருப்பதற்கான உபாயம் என்று தம் கதைத் தொகுப்பின் முன்னுரையில் எழுதினார். கவனித்தது சரி, முடிவுதான் அவசரம்.

1942-இல் திண்டிவனத்தில் அச்சுக்கூடம் வைத்திருந்த சீனுவாசன் அதைப் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டார். யுத்தகாலம், காகிதம் கிடைக்கவில்லை.

“சொன்னதையே சொல்றதையெல்லாம் எடுத்துடுங்க சார். ஆறு பாரம், தொண்ணூத்தாறு பக்கம், அதுக்கு மேல முடியாது.”

தேவநாதன் எடுத்தார். ‘காட்டுக்குப் போய், புலியைப் பார்த்து, மரத்தில் ஏறினான்’ என்று ஆயிற்று. அவருக்கும் அது சரியென்றே பட்டது.

அச்சுப்படி கைக்கு வந்த ஞாயிறன்று கிடங்கில் முதல் கதையைப் படித்துக்காட்டினார். ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நல்லா இல்லியா, சவுரியம்மா?”

“நல்லாத்தான் கீது. எங்கங்க ஊம் கொட்டறது? நீங்க பாட்டுக்கு ரயிலாட்டம் போய்க்கினே இருக்கீங்க. ஒரு டேசன்லகூட நிக்கல.”

பக்கத்திலிருந்த அம்மணி என்பவள் சிரித்தாள். “ஐயா இத்தினி வருசமா வர்றாரு, ஒரு தடவ கொட்டியிருப்பாரா? நாங்கதான் மாத்தி மாத்திக் கொட்டிக்கினு கெடக்கறோம்.”

“போனான்னு சொல்லி ஊமுக்கு நிப்பேன்,” என்றாள் சவுரியம்மாள். “வந்தாத்தான் போனவன்னு எடுப்பேன். வரலேன்னா கேக்கறதுக்கு ஆளு இல்லேன்னு உட்டுடுவேன்.”

அன்று மாலை வீட்டில் பதினான்கு நோட்டுகளையும் புரட்டினார். ஓர் ஊம்கூட எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் பதில் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அதனால்தானோ என்னவோ, அந்தச் சத்தம் அவர் காதில் விழவேயில்லை.

மறுநாள் லீவு போட்டு அச்சுக்கூடத்துக்குப் போனார். “ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா நாளைக்கே அச்சுக்கு ஏத்திடலாம்,” என்றார் சீனுவாசன். தேவநாதன் தம் பிரதியைத் திருப்பித் தரச் சொன்னார்.

“முன்னுரைய மட்டும் மாத்திக்கலாமே, சார்?”

தேவநாதன் பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த ஞாயிறு நோட்டு இல்லாமல் கிடங்குக்குப் போனார். “ஒருத்தன் காட்டுக்குப் போனான்,” என்று சவுரியம்மாள் நிறுத்தினாள். பெண்கள் வாயைத் திறக்குமுன் தேவநாதன் “ஊம்” என்றார். கதைகளைப் பற்றி அதன்பின் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.