விட்டுவைத்த கிளை

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆண்டியப்பன் கவ்வாத்துக்காரன், செடி கழிக்கிறவன். முற்றிய தேயிலைச் செடியை ஒரே வீச்சில் வெட்டுவான். உச்சி மலைச் செடியை மட்டும் மொட்டையடிக்க மாட்டான். ஒரு கிளையை இலையோடு விட்டுவைப்பான், இல்லாவிட்டால் செடி செத்துவிடும். துளிர் வந்த பிறகுதான் அதையும் எடுப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷத்து மழையில் அவனுக்குச் சித்தம் கலங்கியது. செடிகள் பேர் சொல்லித் திட்டுகின்றன என்று கத்தியும் கையுமாக மலையில் நின்றான். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, தினம் மூன்று மாத்திரையோடு வீடு திரும்பினான். கத்தியை வீரய்யா கங்காணி வாங்கித் தன் வீட்டில் பூட்டிக்கொண்டார். மாத்திரையை விட்ட பிறகு வா, தருகிறேன் என்றார்.

மாத்திரை அந்தக் குரல்களை அடக்கியது, இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் மற்றதையும் சேர்த்து அடக்கிவிட்டது. மூடுபனி மலையில் இருக்கிறதா, தன் தலைக்குள் இருக்கிறதா என்று அவனுக்குப் புரியவில்லை. கொழுந்து வாசனை கிடையாது, கனவும் கிடையாது. புல் பிடுங்கும் வேலையில் தூங்கி வழிந்தான்.

ஒரு வருஷம் பொறுத்தான். பிறகு பெரிய புத்திசாலியாட்டம், யாரிடமும் சொல்லாமல் மாத்திரை அத்தனையையும் லயத்தோரக் கானில், ஓடுகிற சாக்கடைத் தண்ணீரில், கொட்டினான். மூன்றாம் வாரம் செடிகள் மறுபடி பேசின. இரண்டு நாள் தேடி, பனிக்குள் ரயில் பாதையோரம் அவனைக் கண்டுபிடித்த மனைவி காளியாயி, வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை அடித்தாள். அடித்துவிட்டு அழுதாள்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கஸ்பர் அவனைத் திட்டவில்லை. டவுன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிப்போனார். முதலில் பழையபடி மூன்று மாத்திரை, ஒரு வருஷம் குணமாக இருக்கட்டும் என்றார் டாக்டர். அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அரை மாத்திரை வீதம் குறைத்தார். வாராவாரம் கஸ்பரிடம் போக வேண்டும். அவன் தூக்கம் எப்படி, பேச்சு எப்படி என்று காளியாயி சொல்ல வேண்டும்.

இரண்டு மாத்திரைக்கு வந்தபோது கொழுந்து வாசனை திரும்பியது. ஒன்றரையில் கனவு வந்தது. வெள்ளைப் பனிக்குள் அவன் கவ்வாத்து வெட்டுகிறான், கத்திக்குக் கனமே இல்லை, செடிகள் வாய் திறக்காமல் தலை குனிகின்றன. காலையில் அதைச் சொல்லச் சொல்ல காளியாயி சிரித்தாள். ஒன்றுக்கு வந்தபோது கான் தண்ணீர் அவன் பேரை முணுமுணுத்தது. அவன் ஒளிக்கவில்லை, மழையில் நனைந்துகொண்டே கஸ்பரிடம் ஓடினான். டாக்டர் அரை மாத்திரையைக் கூட்டி, நாலு மாதம் கழித்துத்தான் மறுபடி குறைத்தார்.

அறுபத்துநாலில் கவ்வாத்துக் காலம் வந்தது. மாத்திரையெல்லாம் விட்டாச்சு என்று சொல்லிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் ஓதினார்கள். ஆண்டியப்பன் கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"மாத்திர எல்லாம் போச்சாப்பா?"

ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கத்தி மேல் அவனுக்கு அத்தனை ஆசை.

"அரை மாத்திர இருக்குங்க. துளிர் வரட்டும்னு டாக்டரய்யா விட்டு வச்சிருக்காரு. அந்தக் கெளைய இப்ப வெட்டக் கூடாதுங்க."

கங்காணியும் ஒரு காலத்தில் கவ்வாத்து வெட்டியவர்தான். உள்ளே போய், துணியில் சுற்றிய கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆண்டியப்பன் துணியைப் பிரித்தான். கத்தியில் துரு இல்லை. நாலு வருஷமும் மனுஷன் அதற்கு எண்ணெய் போட்டு வந்திருக்கிறார்.