ரமலானுக்குப் பிந்தி வந்த பருப்பு

எனக்கு ஒன்பது வயது ஆகும்வரை, துபாய்க்குக் கப்பலில் வருகிற பருப்பு முழுவதையும் ஏற்பதும் தள்ளுவதும் என் அம்மாதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதில் என்மேல் தப்பில்லை. அப்பா துபாயில் தேரா என்ற இடத்தில் ஒரு தானியக் கம்பெனியில் சரக்குப் பார்க்கும் வேலையில் இருந்தார். கனடா, துருக்கி, ஆஸ்திரேலியா என்று எங்கிருந்து கண்டெய்னர் வந்தாலும் திறந்து, இரண்டு கை அள்ளி, பிளாஸ்டிக் பையில் போட்டு, நம்பர் எழுதி, ஷார்ஜாவில் இருந்த எங்கள் ஃப்ளாட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அம்மா அதைக் குக்கரில் வைப்பாள். ஈரம் எவ்வளவு, கல் எவ்வளவு என்று சொல்ல லேப் எல்லாம் இருந்தது. ஆனால் முதலாளி கடைசியில் அப்பாவிடம் கேட்பது, வீட்டில் வேகவைத்துப் பார்த்தாயா என்பதுதான்.

எங்களுக்கு ஊர் விருதுநகர். அங்கே பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே அதன் ஜாதகம் சொல்லிவிடுகிற கூட்டத்தில் பிறந்தவள் அம்மா. எத்தனை விசில், மலர்ந்து வெந்ததா, மண்வாடை அடிக்கிறதா என்று அடுப்படியிலிருந்தே சொல்லுவாள். அதை ஆங்கிலத்தில் எழுதவேண்டியது என் வேலை. அப்பாவுக்கு ஆங்கிலம் பேச வரும், எழுத உட்கார்ந்தால் எழுத்துக்கூட்டிக்கொண்டு நேரமாகும். நானோ இங்கிலீஷ் மீடியம். மூன்றாம் வகுப்பிலிருந்தே அந்த நோட்டு என் கைக்கு வந்துவிட்டது. தேதி, நம்பர், எத்தனை தடவை கழுவினோம், எத்தனை விசில் எல்லாம் எழுதி, கடைசி வரியில் ‘அம்மா நல்லது என்கிறாள்’ என்றோ ‘அம்மா வேண்டாம் என்கிறாள்’ என்றோ ஆங்கிலத்தில் எழுதி முடிப்பேன். இங்கிலீஷ் ஐ எழுத்துக்கு மேலே புள்ளிக்குப் பதில் குட்டி வட்டம் போடுவேன். வகுப்பில் வேறு எவளும் அப்படிப் போடுவதில்லை என்பதில் எனக்குப் பெரிய கர்வம்.

வேகவைத்த சாம்பிளைக் கொட்டவா முடியும்? கடைந்து சோற்றில் ஊற்றித் தின்போம். இன்றைக்கு எந்த நாடு என்று கேட்டுவிட்டுத்தான் தட்டின்முன் உட்காருவேன்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் கனடாவிலிருந்து வரவேண்டிய மைசூர் பருப்பு வரவில்லை. தோலோடு முழுசாக வந்து, இங்கே மில்லில் உடைபட்டு, சிவப்பாகக் கடைக்குப் போகிற பருப்பு அது. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும்போது வீட்டுக்கு வீடு பருப்பு சூப் வைப்பார்கள் என்பதால் அதற்கு முன்பே வந்து இறங்கியாகவேண்டும். அப்பா தினமும் வந்ததும் வராததுமாக, கனடாவில் இன்னும் மழை விடவில்லை என்பார். பருப்பு அறுத்துப் போட்டபடி வயலில் நனைந்துகொண்டு கிடக்கிறதாம், மிஷின் சேற்றில் இறங்கமாட்டேன் என்கிறதாம். ஷார்ஜாவில் சொட்டு மழை கிடையாது. எங்கேயோ பெய்கிற மழைக்கு என் அப்பா ஏன் நகத்தைக் கடிக்கிறார் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ரமலான் வந்தது, போனது. பெருநாள் லீவு முடிந்து பள்ளிக்கூடமும் திறந்தபிறகு ஆடி அசைந்து பருப்பு வந்து சேர்ந்தது. அப்பா சாம்பிளைக் கொண்டுவந்தார். தோல் முழுக்கக் கருப்புப் புள்ளி. அம்மா ஒரு பருப்பை நகத்தால் கீறிப் பார்த்தாள். மூன்று விசிலில் குழைந்துவிட்டது. நெய் விட்டுக் கடைந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு ருசி.

"தோலுதான் மழையில நனைஞ்சு கறுத்திருக்கு. உள்ள சுத்தமா இருக்கு. யோசிக்காம எடுக்கச் சொல்லுங்க" என்றாள் அம்மா. நான் எழுதினேன்: அம்மா நல்லது என்கிறாள்.

மறுநாள் அப்பா அதே நம்பர் போட்ட பையை மறுபடி கொண்டுவந்தார். ஊறவைக்காமல் ஒரே ஒரு விசில் விட்டு இறக்கச் சொன்னார். அம்மா முறைத்தாள்.

"ஒரு விசிலுக்கு எந்தப் பருப்புங்க வேகும்?"

"வச்சுத்தான் பாரேன்."

வைத்தாள். வேகவில்லை. அப்பா இரண்டு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, ம் என்றார். நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எழுதவேண்டாம், போய் ஹோம்வொர்க் பார் என்று விரட்டினார். எனக்கு ரோஷமாகிவிட்டது. என்னை எழுதச் சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

அன்றைக்கு அவர்கள் சண்டை போட்டார்கள். ஒற்றை பெட்ரூம் ஃப்ளாட்டில் எந்தச் சண்டையும் ரகசியமில்லை.

"ரமலானுக்கு முன்னாடி பேசுன வெலை. இப்ப மார்க்கெட்டு படுத்துருச்சு. சரக்கு சரியில்லன்னு தள்ளுனாத்தான் கனடாக்காரன் பாதி வெலைக்கு இறங்கி வருவான்னு முதலாளி சொல்றாரு. வேகலன்னு நான் எழுதிக் குடுக்கணுமாம்."

"நல்லா வெந்த பருப்ப வேகலன்னு எப்படிங்க எழுதுவீங்க?"

"எழுதாட்டி? விசா யார் பேர்ல இருக்கு, ஒங்கப்பன் பேர்லயா?"

என் தாத்தா பேரில் எங்களுக்கு விசா இல்லை என்பது எனக்கும் தெரியும். அதை ஏன் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறார், பருப்பு வெந்ததற்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம் என்று போர்வைக்குள் கிடந்து மண்டையைக் குடைந்துகொண்டேன். பருப்பு வெந்ததா வேகவில்லையா? என் கண்முன்னே இரண்டும் நடந்திருந்தன. நோட்டிலோ ஒன்றுதான் இருந்தது. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்பதுவரை எட்டியது. அது குக்கராக இருக்கலாம் என்று நினைத்துத் தூங்கிப்போனேன்.

அப்பா ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அம்மா இரண்டு நாள் அவரோடு பேசாததிலிருந்து தெரிந்தது. கண்டெய்னர்கள் துறைமுகத்திலேயே கிடந்தன.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா ஒரு வெள்ளைக்காரரைச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தார். எங்கள் வீட்டுக்கு ஆபீஸ் ஆள் என்று ஒருவர்கூட அதுவரை வந்ததில்லை. வந்தவரோ ஆபீஸ் ஆளும் இல்லை. கனடாவில் அந்தப் பருப்பை விளைவித்த சம்சாரி. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நேராக இந்தக் கம்பெனிக்கு விற்றிருந்தார்கள். சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்றதும், போய்ப் பேசிவிட்டு வா என்று இவரை விமானம் ஏற்றிவிட்டிருந்தார்கள். கழுத்து மட்டும் செக்கச்செவேலென்று வெந்துபோயிருந்தது. எங்கள் சோபாவில் முழங்காலைச் சேர்த்துவைத்துக்கொண்டு, பெண்பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சின்ன டிஜிட்டல் கேமராவில் எனக்குப் படம் காட்டினார். வீடே இல்லாத சமதரை, சேற்றில் பாதி சக்கரம் புதைந்த பெரிய சிவப்பு மிஷின், ரப்பர் பூட்ஸோடு அவர் மனைவி. காய்ந்துவிட்டது, நாளை எடுத்துவிடலாம் என்று நினைத்த ஒவ்வொரு நாளும் மழை வந்தது என்றார். அதன்பிறகு பனி. அவர் சொல்லச் சொல்ல நான் அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் தமிழில் சொல்லிவிட்டு வந்தேன்.

சாப்பாட்டில் பருப்பு இருந்தது. தள்ளிவிட்ட அதே சாம்பிளில் மிச்சமிருந்ததைத்தான் அம்மா வைத்திருந்தாள். எனக்குத் தெரிந்தது, பை காலியாகக் குப்பையில் கிடந்தது. அவர் முதலில் ஸ்பூனால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஸ்பூனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையால் பிசைந்தார். நன்றாக இருக்கிறது, இதை நாங்கள் விளைவிப்போம், வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை என்றார்.

இதை நான் மொழிபெயர்த்ததும் அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "திங்காமலா விதைக்காங்க? அப்பறம் இவருக்கு எப்படித் தெரியும், நல்லதா கெட்டதான்னு? கேளு பாப்பா."

கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். வாங்குகிறவர்கள் சொல்வதைத்தான் நம்பவேண்டும் என்றார். உங்கள் கணவருடைய கம்பெனி இது வேகாது என்று எழுதிவிட்டது, வேகாததைத் திருப்பி எடுத்துப்போகக் கப்பல் செலவு கட்டாது, இங்கேயே பாதி விலைக்குத் தரவேண்டும், இல்லாவிட்டால் மாட்டுத் தீவனத்துக்குத்தான் போகும் என்றார். இந்த வருஷத்து விளைச்சலில் மழைக்குத் தப்பியது இது மட்டும்தான், இதுவும் போனால் வசந்தத்தில் விதைக்க வங்கி பணம் தராது என்றார்.

"மாட்டுக்குப் போட்டுருவாங்களாம்மா."

"மனுசன் திங்கிற பருப்பயா!" என்ற அம்மா, அவரைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைய அதில் ஒன்றுமே பாக்கி இல்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் பயமாகவும் இருந்தது.

அப்பா தலையைத் தூக்காமல், "பாப்பா, ஒன் நோட்டை எடுத்துட்டு வா. அங்கிளுக்கு ஒன் கையெழுத்தக் காட்டு" என்றார்.

"ஏங்க" என்றாள் அம்மா.

"பிள்ள எழுத்து நல்லாருக்கும்ல. பாக்கட்டும்."

இப்படி ஒரு வாய்ப்புக்குத்தானே நான் காத்திருந்தது! எச்சில் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஓடிப்போய் எடுத்துவந்தேன். அப்பா கை கழுவ எழுந்துபோனார். அங்கிள் மரியாதைக்காக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, வெரி நைஸ், வெரி நைஸ் என்றார். நான் வட்டம் போட்ட ஐ எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, அதிலிருந்த நம்பரையும் நோட்டிலிருந்த நம்பரையும் விரல் வைத்துப் பார்த்தார். கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார். அம்மா என்றால் யார் என்று கேட்டார். நான் அம்மாவைக் காட்டினேன். இந்தத் தேதியில் நீதான் எழுதினாயா என்றார். ஆமாம், நானே, யாரும் உதவி செய்யவில்லை என்றேன்.

அந்தப் பக்கத்தைக் கேமராவில் படம் பிடித்தார். இரண்டு தடவை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா இவ்வளவு நேரமாகக் கை கழுவி நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது அவர் அப்பாவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. கதவைச் சாத்தியதும் அம்மா சுவரில் சாய்ந்து நின்று, "அவ்வளவுதான்" என்றாள். என்ன அவ்வளவுதான் என்று கேட்டதற்கு, போய் நோட்டை எடுத்து வை என்று எரிந்துவிழுந்தாள்.

அடுத்த வாரம் அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்தார். முதலாளி அந்தப் பருப்பைப் பேசிய விலைக்கே எடுத்துக்கொண்டார் என்றார். நல்ல செய்திதானே? ஆனால் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முதலாளி மேசையில் ஒரு போட்டோ கிடந்ததாம். யார் எழுதியது என்று கேட்டாராம். அப்பா, என் மகள் என்றாராம். விசாவைக் கேன்சல் பண்ணச் சொல்லிவிட்டாராம்.

வட்டம் போட்ட அந்த ஐ எழுத்து உடனே என் கண்ணில் வந்து நின்றது. அந்த வட்டத்தை வைத்துத்தான் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் முடிவுசெய்தேன். சும்மா இருக்கத் தெரியாமல் பீற்றிக்கொண்டு அப்பாவின் வேலையைத் தின்றுவிட்டேன். ஓவென்று அழுதேன். அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு அழற? நீ என்ன பொய்யா எழுதுன?"

அதட்டுகிறாரா தேற்றுகிறாரா என்று தெரியாமல் இன்னும் அழுதேன். அம்மாவாவது என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம். அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

சவூதியில் அல் கோபாரில் ஒரு கோடவுனில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. குடும்பத்துக்கு விசா இல்லை, ஆறு பேர் தங்கும் ரூமில் ஒரு கட்டில். நானும் அம்மாவும் விருதுநகருக்கு என்று ஆகிவிட்டது. ஷார்ஜா ஏர்போர்ட்டில் லக்கேஜ் போட்டதும், இனித் தள்ளிப்போட முடியாது என்று நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அப்பா, இனிமே யாருக்கும் நோட்டக் காட்டமாட்டேன். சத்தியமா. என்னை மன்னிச்சிருப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். ஒரு மாதமாக மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்த அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! நான் உயிரைக் கொடுத்து மன்னிப்புக் கேட்கிறேன், இவர்களுக்கு இளிப்பாக இருக்கிறதா? அம்மாவின் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தேன். பாஸ்போர்ட் வரிசைக்குப் போய்விட்டபிறகு அம்மா என் தோளைத் தொட்டு, அப்பா நிற்கிறார் பார், டாட்டா காட்டு என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி நான் அவரைப் பார்த்தது ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில்.