ஏழுமலை அண்ணனின் முட்டிக்கு ஒரு அப்பீல்

1. பதினைந்து சதவீதம்

ஆவடியில் முன்னாள் படைவீரர்களுக்குப் பென்ஷன் மனு எழுதித் தரும் சின்ன அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் நாளே ஒரு கேஸ் என் மேசைக்கு வந்தது. ஹவில்தாராக ஓய்வு பெற்ற ஏழுமலை அண்ணன், அயனம்பாக்கம். சர்வீஸில் மலைச்சரிவில் விழுந்து கெட்டுப்போன வலது முட்டியை மாற்றி ஆபரேஷன் ஆகிவிட்டது. மெடிக்கல் போர்டு போட்ட ஊனம் பதினைந்து சதவீதம். இருபதுக்குக் கீழே என்றால் ஊனத்துக்கான பென்ஷன் கிடையாது.

சட்டம் படித்து முடித்த சூடு எனக்கு. விதிகளை அடுக்கி ஒரே மூச்சில் அப்பீல் எழுதி அனுப்பினேன். மறுபடி போர்டுக்கு வரச் சொல்லி உத்தரவும் வந்தது.

2. டீக் ஹை சாப்

போவதற்கு முன் அண்ணனையும் அவர் மனைவி கஸ்தூரி அக்காவையும் வரச் சொன்னேன்.

"போன தடவை டாக்டர் என்ன கேட்டாருண்ணா?"

"முட்டி எப்டி கீதுன்னாரு. டீக் ஹை சாப்னேன்."

"நல்லாருக்குன்னா சொன்னீங்க?"

"பின்ன? டாக்டரு கர்னலு. கர்னல் கேட்டா வேற இன்னா சொல்றது?"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊட்ல ராத்திரியெல்லாம் முனகிக்கினு கீறாரு தம்பி. அங்க போனா கைத்தடிய என்கிட்ட குட்த்துட்டு, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாரி வெறப்பா நடக்கறாரு."

"இந்தத் தடவை வலிக்குதுன்னு சொல்லுங்கண்ணா."

"அழுவ சொல்றியா? அது நம்மகிட்ட ஆவாது."

நான் அடுக்கிய எந்த விதியும் இதற்கு உதவாது. யோசித்துக் கேட்டேன். "துப்பாக்கி கெட்டுப்போனா ரிப்பேர் பண்றவர்கிட்ட என்ன சொல்வீங்க?"

"எது வேல செய்யலியோ அத்த சொல்லணும். டீக்னு சொல்லி மறைச்சா பக்கத்துல நிக்கிறவன் சாவான்."

"முட்டிக்கும் அதே மாதிரி ரிப்போர்ட் குடுங்க."

குனிந்து முட்டியைப் பார்த்தார். "அழுவ வேணாம்ல?"

"வேண்டாம்."

3. கதவுக்கு வெளியே

போர்டு அறை வாசலில், வழக்கம்போல கைத்தடியை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"நீயே எட்த்துக்கினு போய்யா."

கதவு பாதி திறந்திருந்தது. பரேடில் பேசுவதுபோல் அவர் இந்தியில் சொல்வது கேட்டது. அக்காவுக்கு இந்தி தெரியாது. கூடப் போயிருந்த நான் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முட்டி பாதிக்கு மேல் மடங்காது. படி இறங்கக் கைப்பிடி வேண்டும். தரையில் உட்கார்ந்தால் இன்னொருவர் தூக்கிவிட வேண்டும்.

"அந்த இன்னொருத்தரு நான்தான்" என்றார் அக்கா.

முப்பது சதவீதம் என்று உத்தரவு வந்தது. அதன்பிறகு என்னிடம் வருகிறவர்களை எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. முன்பு செய்த எதையெல்லாம் இப்போது செய்ய முடியவில்லை என்று கேட்கிறேன். பதில் பெரும்பாலும் பக்கத்து நாற்காலியிலிருந்துதான் வருகிறது.