வெர்லீன் செட்லாக்கும் பிரைமர் எடுக்காத பிரஸ்ஸும்

வெர்லீன் செட்லாக் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவள். நெப்ராஸ்காவின் மணல்மேடுகளுக்கு நடுவே, பனி மூடிய பாதையில், தலை நரைக்கும்வரை ஓட்டியும் ஒரு பிள்ளைக்குக்கூடச் சிராய்ப்பு பட்டதில்லை. அதற்குக் கிடைத்த சன்மானம் வலது இடுப்பில் ஒரு வலி. இடுப்பு போனதிலிருந்து போல்கா நடனத்தை விட்டாள், மான் வேட்டையை விட்டாள். விடாமல் வைத்திருந்தது துப்பாக்கிப் பந்தயம் ஒன்றைத்தான். எங்கள் சங்கத்தில் அவளைவிட வேகமாகச் சுடுகிறவர்கள் உண்டு, அவளைவிடக் குறி தப்பாதவர்கள் கிடையாது. ஆண்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பந்தயம் தவறாமல் புள்ளி எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியும்.

நாங்கள் சுடுவது ஊருக்கு வெளியே இருக்கும் பழைய சரளைக்கல் குழியில். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தோட்டாவை அவரவர் கராஜில் அவரவரே செய்துகொண்டு வர வேண்டும். கடைத் தோட்டாவோடு வருகிறவனை, கல்யாண வீட்டுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்போம். வெர்லீனிடம் தோட்டா செய்கிற நல்ல பிரஸ் ஒன்று இருக்கிறது. கைப்பிடியை ஒரு தடவை இழுத்துத் தள்ளினால் போதும், ஒரு பித்தளைக் கூட்டில் பிரைமர் பதியும், இன்னொன்றில் வெடிமருந்து இறங்கும், மற்றொன்றில் குண்டு உட்காரும். பிரைமர் என்பது பித்தளைக் கூட்டின் அடியில் பதிகிற, மூக்குத்தி அளவுக் கிண்ணம். துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டினால்தான் பொறி பிறக்கும். அது இல்லாத தோட்டாவைக் காகிதம் பறக்காமல் வைக்கத்தான் பயன்படுத்தலாம்.

போன மார்ச் பந்தயத்தில் வெர்லீன் நான்கு இரும்புத் தட்டுகளைச் சாய்த்துவிட்டு ஐந்தாவதுக்குக் குறி வைத்தாள். ‘கிளிக்’ என்றது, அவ்வளவுதான். தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால் அடியில் வெறும் குழி. பிரைமரே இல்லை. அந்த ஒரு தட்டில் எங்கள் அணி தோற்றது.

அணித் தலைவன் ராய்ஸ் டிட்மர் தானியக் கிடங்கின் மேலாளன். யாரிடம் பேசினாலும் லாரி டிரைவரை விரட்டுவதுபோலத்தான் பேசுவான்.

“வெர்லீன், ஜூன்ல மாநிலப் போட்டி. உன் மெஷின் திருந்துச்சுன்னா வந்து சுடு. இல்லேன்னா ஐரிஸோட சேர்ந்து ஸ்கோர் எழுது. உன் இடுப்புக்கும் அதுதான் நல்லது.”

“என் இடுப்பைப் பத்திக் கவலைப்பட எனக்கு ஒரு புருஷன் இருக்கான் ராய்ஸ். நீ உன் குறியைப் பத்திக் கவலைப்படு.”

வாய்தான் பேசியதே தவிர, அவள் முகம் செத்துப்போயிருந்தது. ஐரிஸ் நான்தான். ஸ்கோர் மேஜை ஏதோ தண்டனைக் கொட்டடி என்பதுபோல அவன் சொன்னது எனக்கும் சுருக்கென்றது. ஆனால் என்னை விடுங்கள். வெர்லீனிடமிருந்து இதையும் பிடுங்கிவிட்டால் அவளுக்கு என்னதான் மிஞ்சும்?

பிரஸ்ஸின் நோய் விசித்திரமானது. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக வரும். திடீரென்று ஒரு கூட்டில் பிரைமர் இருக்காது. அடி ஓட்டை வழியாக மருந்து உதிர்ந்து பெஞ்செல்லாம் சிந்தும். சில சமயம் பிரைமர் புரண்டு பக்கவாட்டில் சிக்கிக்கொள்ளும்.

முதல் வைத்தியர் அவள் புருஷன் ஓரின். “நகரு, நான் பாக்கறேன்” என்றான். பிரைமரை ஏந்திக்கொண்டு போகிற சிறிய நகரும் தகட்டைக் கழற்றித் துடைத்தான். மாட்டி இழுத்துப் பார்த்தான். ஒன்றும் தவறவில்லை.

“அழுக்கு. வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு பேஸ்பால் பார்க்கப் போய்விட்டான். வெர்லீன் உட்கார்ந்து இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் மருந்து சிந்தியது.

அடுத்து வந்தவன் பக்கத்துப் பண்ணை டேல் பெர்னாசெக். பிரைமர்கள் வரிசையாக இறங்கும் குழலின் அடிமுனை தேய்ந்துவிட்டது என்றான். “கொஞ்சம் எந்திரி வெர்லீன்” என்று சொல்லிப் புது முனை போட்டு, இழுத்துக் காட்டினான். அழகாக வேலை செய்தது. காபி குடித்துவிட்டுப் போனான். அவன் வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் அடுத்த கூடு காலியாக வந்தது.

கடைசியில் ராய்ஸே வந்தான். அன்று நானும் கராஜில் இருந்தேன். பெஞ்சை ஆட்டிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், பெரிய போல்ட் போட்டு அதைச் சுவரோடு சேர்த்து முடுக்கினான். பிறகு வெர்லீனை எழுப்பிவிட்டு இழுத்தான். ஒன்றுகூடத் தவறவில்லை.

“மெஷினுக்கு ஒண்ணும் கேடில்ல” என்றான். “பொம்பளை கைன்னா அதுக்கு ஆகல போலிருக்கு.”

“வந்த வேலை முடிஞ்சுதுல்ல, கிளம்பு ராய்ஸ்” என்றாள் வெர்லீன்.

அவன் போனதும் அவள் பழையபடி உட்கார்ந்து இழுத்தாள். மருந்து சிந்தியது. அவள் பஸ்ஸில் பிள்ளைகள் முன்னால் சொல்லாத வார்த்தைகளையெல்லாம் அந்த பிரஸ்ஸைப் பார்த்துச் சொன்னாள். ஓய்ந்த பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இரு ஐரிஸ், போயிடாத. இதுவரைக்கும் எல்லாரும் இதை நோண்டுனாங்க. நாம நோண்ட வேணாம். சும்மா பாப்போம்.”

குழலில் இருந்த பிரைமர்களை எல்லாம் வெளியே எடுத்தோம். மருந்தையும் கொட்டி மூடி வைத்தோம். ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டோம். நான் குனிந்து நகரும் தகட்டின் மேல் டார்ச் அடித்தேன். அந்தத் தகட்டில் ஒரு குழி உண்டு. கைப்பிடி முழுக்கக் கீழே வந்தால் குழி குழலுக்கு நேர் அடியில் போய் நிற்கும், பிரைமர் அதில் விழும். வெர்லீன் இழுத்தாள்.

“நின்னுடுச்சு” என்றேன்.

“எங்க?”

“குழலுக்கு நேரா வரல. ஒரு நகக்கண் அளவு வெளியவே நிக்குது. இன்னும் இழு.”

“இழுத்தாச்சுடி. இதுக்கு மேல எப்படி இழுக்கறது, தொடையில இடிக்குதே.”

இரண்டு பேரும் கீழே பார்த்தோம். கைப்பிடியின் குமிழ் அவள் வலது தொடையில் அழுத்திக்கொண்டு நின்றது. தொடைக்குக் கீழே ஸ்டூல். ஸ்டூலுக்கும் அவளுக்கும் நடுவில் தடியான ஒரு குஷன். இடுப்பு வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று ஓரினின் அக்கா கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. அது வந்த பிறகு அவள் உயரமாக உட்கார்ந்தாள். தொடையும் கூடவே உயர்ந்தது. தொடை இருக்கும் இடத்தோடு கைப்பிடி நின்றுகொண்டது. அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்த நேரத்தில் மட்டும் அது முழுக்க இறங்கியிருக்கிறது.

வெர்லீன் குஷனை உருவி எறிந்தாள். உட்கார்ந்து இழுத்தாள்.

“வந்துடுச்சு” என்றேன். “நேரா குழலுக்கு அடியில வந்துடுச்சு.”

அவள் அதோடு விடவில்லை. குஷனைத் திரும்ப வைத்து இழுத்தாள், தகடு முன்னாலேயே நின்றது. எடுத்துவிட்டு இழுத்தாள், சரியாகப் போய்ச் சேர்ந்தது. எனக்குச் சலிப்புத் தட்டும்வரை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாள். பிறகு குழலில் பிரைமர் நிரப்பி, மருந்து வைத்து, நிஜமாகவே ஆரம்பித்தாள். வெளியே வந்த ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் நான் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றுகூடக் காலி இல்லை.

சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் கோபம் வந்தது.

“மூணு ஆம்பளைங்க ஐரிஸ். மூணு பேரும் என்னை எழுப்பிவிட்டு, நின்னுக்கிட்டே இழுத்துப் பாத்திருக்காங்க.”

உண்மைதான். எங்கள் ஊர் ஆண்களின் பழக்கம் அது. டிராக்டரோ தையல் மெஷினோ, எது கெட்டாலும் ஓட்டுகிறவளை முதலில் எழுப்பிவிடுவார்கள். தாங்கள் ஓட்டிப் பார்த்து, நன்றாகத்தானே ஓடுகிறது என்பார்கள். அவளை ஓட்டச் சொல்லி ஒரு நிமிஷம் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று ஒருத்தன் மண்டையிலும் உறைக்காது.

“யார்கிட்டயும் மூச்சு விடாத” என்றாள். “ஓரின்கிட்டகூட. பீத்திக்கட்டும். தாங்கதான் சரிபண்ணோம்னு ஜூன் வரைக்கும் பீத்திக்கட்டும்.”

அதன்பிறகு வெறும் மரஸ்டூலில் உட்கார்ந்து, இடுப்பில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, போட்டிக்கு வேண்டிய தோட்டாவெல்லாம் செய்து முடித்தாள்.

ஜூன் போட்டி கிராண்ட் ஐலண்டுக்குப் பக்கத்தில் நடந்தது. ராய்ஸ் அவளை அணியில் கடைசி ஆளாகப் போட்டான். “ஒரு ‘கிளிக்’ கேட்டாலும் அதோட நிறுத்திடுவேன்” என்று எல்லார் முன்னாலும் சொன்னான். காலைச் சுற்றில் அவள் துப்பாக்கி ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. மாலை இறுதிச் சுற்றில் காற்று கிளம்பித் தொப்பிகளைத் தூக்கியது. டேல் ஒரு தட்டைத் தவறவிட்டான், ராய்ஸும் ஒன்றை விட்டான். எல்லாம் வெர்லீன் தலையில் வந்து விழுந்தது. ஐந்து குண்டில் ஐந்து தட்டும் சாய்ந்தால் கோப்பை எங்களுக்கு, ஒன்று நின்றாலும் எதிர் அணிக்கு.

சாய்ந்து சாய்ந்து நடந்து கோட்டுக்கு வந்தாள். வந்து நின்றபோது நேராக நின்றாள். பஸ்ஸர் அடித்தது. ஐந்து வெடி, ஐந்து தட்டு. நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்த அந்த ‘கிளிக்’ வரவே இல்லை. பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து நின்று அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிறகு கூடாரத்தில் எல்லாருக்கும் காரமான சில்லி சூப்பும், எங்கள் பக்கத்து வழக்கப்படி அதில் தோய்த்துத் தின்ன இனிப்பான இலவங்கப்பட்டை ரொட்டி ரோலும் வந்தன. கோப்பை மேஜை நடுவில் இருந்தது.

“பெஞ்சை அன்னிக்கு முடுக்குனேன் பாரு, அதுதான் காப்பாத்துச்சு” என்று ராய்ஸ் ஆரம்பித்தான்.

“முனையை மாத்துனது நான்” என்றான் டேல். “அதை மாத்தாம நீ வீட்டையே முடுக்கினாலும் வேலைக்காவாது.”

“முதல்ல சுத்தம் பண்ணது யாரு?” என்றான் ஓரின்.

வெர்லீன் ரோலைப் பிய்த்து சில்லியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“மூணு பேரும் சொல்லி முடிச்சாச்சா? கைப்பிடி என் தொடையில இடிச்சுது. உங்க அக்கா குடுத்த குஷனைத் தூக்கிப் போட்டேன் ஓரின். வைத்தியம் அவ்ளோதான்.”

முதலில் சிரித்தவன் ஓரின்தான், மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். டேல் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டான். ராய்ஸ் சிரிக்கவில்லை. கரண்டியால் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் எழுந்து போன பிறகு அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினான். பக்கத்தில் இருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.

“வெர்லீன், என் பிரஸ்ஸும் குளிர்காலத்துலேருந்து அப்பப்ப பிரைமரை விட்டுடுது. யார்கிட்டயும் சொல்லல. நாளைக்கு வந்து கொஞ்சம் பாக்கறியா?”

“வரேன்” என்றாள் வெர்லீன். “ஆனா கைப்பிடியை நான் தொட மாட்டேன். எப்பவும் எப்படி இழுப்பியோ அப்படியே நீ இழு. நான் பக்கத்துல நின்னு உன்னைப் பாக்கறேன்.”