மையத்துக் கொப்பி

இருபத்தெட்டு வருடம் ஒரே தனியார் ஆஸ்பத்திரியின் பில்லிங் பகுதியில் வேலை செய்தேன். தலைமையகம் கொழும்பில், நான் இருந்தது புத்தளம் கிளையில். காசாளராகச் சேர்ந்து வருமானப் பிரிவுப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். இப்போது அந்தக் கதிரைகளில் இருக்கும் பிள்ளைகள், எல்லாக் கிளைகளையும் ஒரே சிஸ்டத்துக்குள் கொண்டுவந்த காலத்தைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். வெற்றிக் கதை வேண்டுமென்றால் கம்பனியின் வருடாந்த அறிக்கையில் இருக்கிறது. நான் என் பிழையை எழுதுகிறேன்.

1. கொப்பி

முன்பு ஒவ்வொரு கிளையும் தன் பாட்டில் பில் போட்டது. வார்டில் இருந்து துண்டு வரும், மருந்தகத்தில் இருந்து துண்டு வரும், லேப்பில் இருந்து வரும். டொக்டரின் ஃபீஸ் கடைசியாக வரும், சில வேளை அடுத்த நாள்தான் வரும். எல்லாவற்றையும் கூட்டி இறுதிப் பில் அடிக்க அரை நாள் போய்விடும். நோயாளி சுகமாகிப் போகிறவர் என்றால் கதிரையில் இருந்து முணுமுணுப்பார். அவ்வளவுதான்.

மவுத்தானவர்களின், அதாவது இறந்தவர்களின், விஷயம் வேறு. எங்கள் முஸ்லிம் சனம் மையத்தை, அந்த உடலை, வைத்துக்கொண்டு இருக்காது. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி அடுத்த வக்துத் தொழுகைக்கே பள்ளிவாசலுக்குக் கொண்டுபோகப் பார்க்கும். அதனால் எனக்கு முன் இருந்தவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மேசை லாச்சிக்குள் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கும். மவுத்தானவரின் பெயர், பொறுப்பெடுப்பவரின் பெயர், ஊர், கையெழுத்து. அதை வாங்கிக்கொண்டு மையத்தைக் கொடுத்து விடுவோம். பில் சரியானதும் ஆட்கள் வந்து கட்டுவார்கள். முஸ்லிம்களுக்கு மட்டும் என்றில்லை, தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கச் சனத்துக்கும் அதுதான் வழி. பின்னேரம் காற்று எழும்பினால் வள்ளத்தில் உடலைக் கொண்டுபோக முடியாது.

கம்பனிச் சட்டத்தில் இந்தக் கொப்பி கிடையாது. கொழும்புக்குத் தெரியவும் தெரியாது. ஓடிட் வரும் நாட்களில் அதை என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வேன்.

புது சிஸ்டம் செய்யக் கொழும்பில் இருந்து நிரோஷன் என்ற பொடியன் வந்தார். கெட்டிக்காரன். மூன்று கிழமை எங்களோடு இருந்து, ஒவ்வொரு வேலையையும் கேட்டுக் கேட்டு எழுதினார். ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"ஒரு பேஷண்ட் இந்த ஆஸ்பத்திரிய விட்டு வெளிய போற வழி எல்லாத்தையும் சொல்லுங்க சேர். ஒண்டும் விட வேணாம்."

சாதாரண டிஸ்சார்ஜ், அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது, இன்ஷூரன்ஸ்காரர், சொல்லாமல் போகிறவர் என்று எல்லாவற்றையும் விரலில் எண்ணிச் சொன்னேன். என் அனுபவத்தைக் காட்டுகிற சந்தோஷம் வேறு.

"டெத் எண்டால்? ஃபைனல் பில் க்ளோஸ் ஆனாப் பிறகுதானே டெட் பொடி போகும்?"

"ஓம்" என்றேன்.

பக்கத்தில் இருந்த காசாளர் பெனடிக்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கற்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை, ஐந்து வருடமாக அந்தக் கொப்பியில் அவளும் எழுதியிருக்கிறாள். நிரோஷன் தேத்தண்ணீர் குடிக்கப் போனதும் மெல்லக் கேட்டாள்.

"சேர், கொப்பியப் பத்திச் சொல்லேல்லையே?"

"அது பில்லிங் விஷயமில்ல மகள். உங்கட வேலையப் பாருங்க."

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரில் இருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்த குடும்பம் எங்களுடையது. மாதச் சம்பளம் என்ற ஒன்றை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது. இத்தனை வருடமாகச் சட்டத்துக்கு வெளியே உடல்களை அனுப்பினேன் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? புது சிஸ்டம் வந்தாலும் லாச்சிக்குள் கொப்பி இருக்கும்தானே, பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன். டெஸ்டிங் முடிந்து, எங்கள் வேலை முறை இதுதான் என்று கடதாசி வந்தபோது சைன் வைத்தேன்.

2. வெள்ளிக்கிழமை

சிஸ்டம் தொடங்கி நான்காம் நாள், வெள்ளிக்கிழமை. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்னால் ஒரு தாய் மவுத்தாகியிருந்தார். ஏழு மணிக்கு அவருடைய மகன் ரிஸ்வான் கவுண்டருக்கு வந்தார். குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்தவர், நாற்பது வயதிருக்கும். அழுது முடித்த முகம்.

"நாநா, ஜும்ஆவோட அடக்கோணும். கபுறுக் குழி வெட்டுறாங்க. எவ்வளவு எண்டு செல்லுங்க, காசு கையில இரிக்கி."

பெனடிக்டா திரையைப் பார்த்தாள். மருந்தகம் பச்சை, லேப் பச்சை, டொக்டர் ஃபீஸ் சிவப்பு. புது முறையில் டொக்டர் தன் ஃபோனில் உறுதி செய்ய வேண்டும். அவர் கொழும்பில் ஒப்பரேஷன் தியேட்டருக்குள் இருந்தார். அந்தச் சிவப்பு மாறாமல் இறுதிப் பில் வராது, பில் வராமல் கேட் பாஸ் வராது. மோர்ச்சரிக்காரனுக்கும் வாசல் செக்யூரிட்டிக்கும், சிஸ்டம் பாஸ் இல்லாமல் உடலை விட வேண்டாம் என்று கொழும்பில் இருந்து எழுத்தில் வந்திருந்தது. லாச்சிக்குள் இருந்த கொப்பியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"தொகை இன்னும் வரல்ல தம்பி."

"கூட்டி எடுங்க நாநா. மிச்சம் எனக்கு வேணாம்."

கொழும்பு நிதி மெனேஜர் மேடத்துக்குக் கோல் எடுத்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும்.

"மிஸ்டர் ஹனீபா, டெத் எண்டால் பில் க்ளோஸ் ஆனாப் பிறகுதான் எண்டு நீங்கதானே சைன் பண்ணித் தந்தீங்க. இப்ப வேற கதை சொல்றீங்க. டொக்டர் வெளிய வரட்டும். இல்லாட்டி உங்கட பொறுப்பில செய்யுங்க, பிறகு விசாரணையில பதில் சொல்லுங்க."

என் பொறுப்பில் என்ற சொல்லோடு ஃபோனை வைத்துவிட்டேன். ஒன்பது மணி, பத்து மணி, பதினொரு மணி. டொக்டருக்குக் கோல் எடுப்பதும், பதில் இல்லாததும், ரிஸ்வானிடம் போய் "இன்னும் கொஞ்சம்" என்பதுமாக இருந்தேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. மோர்ச்சரிக்கு வெளியே வாங்கில் போய் உட்கார்ந்து கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். ஆம், போனேன். குத்பாப் பிரசங்கத்தில் ஹஸ்ரத் என்ன சொன்னார் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. தொழுதுவிட்டுத் திரும்பி வந்தால், ரிஸ்வான் அதே வாங்கில் அதே மாதிரி இருந்தார்.

"ஜும்ஆவுக்குப் போகல்லையா தம்பி?"

"உம்மாவத் தனிய விட்டுட்டு எப்பிடிப் போற?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. மேசைக்குப் போய், ஒரு வெள்ளைத் தாளில், என் பொறுப்பில் உடலை விடுகிறேன் என்று எழுதி, பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். மோர்ச்சரிக்காரன் அதை வாசித்துவிட்டுக் கதவைத் திறந்தான். செக்யூரிட்டி வாசிக்கவும் இல்லை, கேட்டைத் திறந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். இவ்வளவுதான் வேலை. காலை ஏழு மணிக்கும் பேனை என் சட்டைப் பையில்தான் இருந்தது.

வண்டி வெளிக்கிட்டபோது இரண்டேகால்.

3. திங்கட்கிழமை

வெள்ளிக்கிழமை இரவே நிரோஷனுக்குக் கோல் எடுத்து, கொப்பியைப் பற்றி முழுவதும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "இத அப்பவே சொல்லியிருந்தா ஒரு நாள் வேலை சேர்" என்றார். உண்மையில் அரை நாள்தான் எடுத்தது. இப்போது உங்கள் திரையில் இருக்கும் 'உடல் விடுவிப்பு, பில் பின்னர்' என்ற பட்டன் அதுதான். எல்லாக் கிளைகளிலும் இருக்கிறது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதை நினைக்கத்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

பிள்ளைகளே, சிஸ்டம் மாற்ற ஆள் வரும். என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்கும். சட்டத்தில் உள்ளது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் சொல்ல வேண்டியது மற்றதைத்தான். சனத்துக்காக ஒளித்துச் செய்கிற நல்ல காரியம் ஏதும் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். திட்டு விழுந்தால் விழட்டும்.

ரிஸ்வான் திங்கட்கிழமை காலையிலேயே பில் கட்ட வந்தார். யாரும் கூப்பிடவில்லை. காசை எண்ணி வைத்தார். நான் கவுண்டருக்கு வெளியே வந்து, அடக்கம் எப்படி நடந்தது என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பின்னேரம் அஸரோட அடக்கினம் நாநா. ஜும்ஆவுக்குப் பள்ளி நிறையச் சனம் நின்டிரிக்கி. ரெண்டு மணி வரைக்கும் பாத்தாங்களாம். எங்கட ஊர்ல ஜும்ஆ முடிஞ்ச கையோட மீன் புடிக்க வள்ளம் இறக்கணும், தெரியுந்தானே. போயிட்டாங்க. ரெண்டு சப்பு, ரெண்டு வரிசைச் சனம்தான் நின்டு தொழுத."

"உங்கட வாப்பா?"

"அவர் பாயில. எழும்ப ஏலா. நான் பள்ளியால வந்தோண்ண கையப் புடிச்சிக் கேட்டார், ஜும்ஆவுக்கு வந்த சனம் உம்மாவத் தொழுவிக்க நின்டிச்சா எண்டு." ரிஸ்வான் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நின்டிச்சு வாப்பா, பள்ளிக்குள்ள இடமில்ல எண்டன்."

மன்னித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து, "நீங்க என்ன நாநா செய்ற, சிஸ்டம்தானே" என்றார்.

சிஸ்டம் இல்லை தம்பி, நான்தான் என்று அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை.