சௌந்தரத்தின் நாக்கு

ஆலங்காயம் காட்டோரத்தில் ஆவாரம்பட்டை உரித்து, வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்புக்குச் சுமந்து போட்டுப் பிழைத்தவள் சௌந்தரம். பட்டையைக் கடித்துப் பார்த்து வாங்குவது அங்கே வழக்கம். துவர்ப்பு எவ்வளவோ அவ்வளவு தோல் பதப்படும். அதில் சௌந்தரத்தின் நாக்கை மிஞ்ச ஆளில்லை. யார் பட்டை கொண்டுவந்தாலும் மேஸ்திரி ராமலிங்கம் அவளைத்தான் கூப்பிடுவார். அவள் சொன்ன அளவுதான் தொட்டியில் விழும்.

1913-இல் தோல் வாங்க வந்த ஜெர்மன் துரை ஒருவர் பத்து மூட்டை பட்டையும் கொண்டுவந்தார். ஆப்பிரிக்காவில் அவர்கள் ராஜா பிடித்த மண்ணில் வளர்ந்த மரத்தின் பட்டையாம். கடல் தாண்டி நிலம் இங்கிலீஷ்காரனுக்கு மட்டும்தானா என்று கேட்டு, சுவரில் ஒரு தேசப்படத்தை மாட்டி, தங்கள் நிலங்களைக் கைத்தடியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அங்கே முன்பே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நூறு தோல் நன்றாக வந்தால் கப்பல் கப்பலாக இறக்குவேன் என்றார்.

சௌந்தரம் தன் சுமையைப் பார்த்தாள். அப்புறம் ஆவாரம்பட்டையை எவன் வாங்குவான்? மேஸ்திரி நீட்டிய துண்டைக் கடித்தாள். வாயே இழுத்துக்கொண்டது. ஆவாரம்பட்டை இதன் கிட்டே நிற்காது. முகத்தில் எதையும் காட்டவில்லை.

"இன்னா சௌந்தரம், எப்டிக்கீது?"

"சப்புன்னு கீது மேஸ்திரி. ரெண்டு பங்கு போட்டாத்தான் புடிக்கும்."

நம்பி இரண்டு பங்கு போட்டார். துவர்ப்பு மிஞ்சி நூறு தோலும் சுருங்கின, மடக்கினால் வெடித்தன. துரை படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். முதலாளி சாயபு, ராமலிங்கத்துக்குக் கைராசி போய்விட்டதென்று மேஸ்திரி வேலையைப் பிடுங்கி, சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கிவிட்டார். அன்றுமுதல் எல்லாருக்கும் அவர் வெறும் ராமலிங்கம். சௌந்தரம் மட்டும் மேஸ்திரி என்றே கூப்பிட்டாள். அவளுக்கு மனசு உறுத்தியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் இங்கிலீஷ்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை வந்தது. துரையைக் காவலில் வைத்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். சண்டை முடிந்தபோது ஆப்பிரிக்க நிலம் ஜெர்மன்காரர் கையைவிட்டுப் போயிருந்தது. வாணியம்பாடியில் அதற்காக ஒருவரும் அழவில்லை.

1926-இல் மறுபடி மூட்டைகள் வந்தன. மேலே இங்கிலீஷ் கம்பெனி முத்திரை, உள்ளே அதே பட்டை. புது மேஸ்திரி துவர்ப்பைக் கண்ணாடிக் குழாயில் அளந்து பார்த்தார். தோல் அருமையாக வந்தது. ஆவாரம்பட்டை இனி வேண்டாமென்று சௌந்தரத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சுமையை இறக்கி வைத்து உட்கார்ந்தாள்.

சுண்ணாம்பு தின்ற காலை நீட்டிக்கொண்டு ராமலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூட்டையிலிருந்து சிந்திய துண்டொன்றைப் பழைய பழக்கத்தில் அவளிடம் நீட்டினார்.

"அந்தத் தொர கொணாந்தது சப்புன்னு இருந்துச்சே. இது எப்டிக்கீது?"

கடித்தாள். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"அதேதான் மேஸ்திரி. அன்னிக்கும் இப்டித்தான் இருந்துச்சு."

ராமலிங்கம் தன் காலைப் பார்த்தார்.

"ஊருல நீ ஒருத்தியாவது மேஸ்திரின்னு கூப்புட்றியேன்னு பெருமையா நெனச்சினு இருந்தேன்."

சௌந்தரம் எழுந்து சுமையைப் பிடித்தாள். தூக்கிவிட அவர் எழுந்திருக்கவில்லை.