கடல்காற்றுக்கு முன்னால் கூடுவாஞ்சேரிக்கு

காலை பதினொன்றரைக்குத் திருவிடந்தைக் கடற்கரையில் எங்கள் காற்றுத்திசைகாட்டி திரும்பியது. அதுவரை தரையிலிருந்து வீசிய அனல் நின்று, கடலிலிருந்து குளிர்ந்த காற்று புறப்பட்டது. அது வந்து சேர்வதற்குள் நாங்கள் கூடுவாஞ்சேரியில் இருக்க வேண்டும். முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது.

கட்டடங்களுக்கு நடுவே காற்றும் வண்டிப்புகையும் எப்படிப் போகும் என்று கணினி போடும் கணக்கை, நேரில் போய்ச் சரிபார்ப்பது என் வேலை. இந்த முறை வீட்டு விவகாரமும் சேர்ந்துகொண்டது. என் மனைவியின் தங்கை செல்வி, கூடுவாஞ்சேரியில் இருபுறமும் நான்கு மாடி எழும்பிய நெருக்கமான தெருவில், குழந்தைகள் காப்பகம் தொடங்க இடம் பார்த்திருந்தாள். கிழக்கு வரிசை, கடல் இருக்கும் பக்கம். புகையெல்லாம் எதிர்வரிசைக்குப் போய்விடும் என்று நம்பினாள். கணினிப் படமோ, புகை சேரும் இடம் என்று அவள் வாசலுக்குத்தான் சிவப்பு பூசியிருந்தது. கணினி தோற்கட்டும் என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன்.

கேளம்பாக்கத்தில் பதினைந்து ரூபாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டி ஏறினோம். ஓட்டுநர் பாபு, “காத்து நம்பளத் தொரத்திக்கினு வருது அண்ணாத்த,” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு மெய்சிலிர்த்தது.

ஒரு மணிக்குக் கூடுவாஞ்சேரி. செல்வி எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். தெரு அடுப்பாகக் காய்ந்தது. கல்யாண மேடைகளில் புகை விடும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். அதை நடுத்தெருவில் வைத்துக் காத்திருந்தோம். இரண்டு மணி சுமாருக்கு எதிர்மாடியில் காய்ந்த புடவைகள் ஒன்றாக மேற்கே எழும்பின. காலையில் கடற்கரையில் பார்த்த அதே காற்று வந்துவிட்டது.

பாபு மெஷினைப் போட்டார். புகை மேற்கே போகவில்லை. காற்று எங்கள் தலைக்கு மேலே கூரைகளைத் தாண்டி, எதிர்ச்சுவரில் மோதிக் கீழே இறங்கி, தெருவுக்குள் திரும்பியது. புகையைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வந்து செல்வியின் வாசற்படியில் ஏற்றியது. திரையில் எத்தனையோ முறை பார்த்த வளைவு, என் முழங்காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வெறும் கணக்கால் பிடித்திருக்கிறார்கள்.

செல்வியின் முகம் வாடிவிட்டது. பின்பக்கம் காலி மனை, படத்தில் அது நீலம், அதாவது புகை சேராத இடம், வாசலை அங்கே மாற்றிக்கொண்டு தெருப்பக்கத்தை அடைத்துவிடலாம் என்று சொன்னேன்.

“படத்துல நீலமா கீது, சரி. அங்க பொகை வருதா இல்லியான்னு காட்டு மாமா. தூங்கப் போறது கொயந்தைங்க.”

எனக்குச் சுருக்கென்றது. சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு தடவை சரியாகச் சொன்னதும் கணினியை அப்படியே நம்பிவிட்டிருந்தேன்.

பாபு மறுபடி மெஷினைப் போட்டார். நாங்கள் இருவரும் பின்பக்கம் போய் நின்றோம். தெரு முழுக்க வெள்ளையானது. பின்னால் புகை வாடைகூட இல்லை. செல்வி மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு, கதவு வைக்க வேண்டிய சுவரைக் கையால் அளக்க ஆரம்பித்தாள்.

மாலை தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். எங்களுடையதும் நெருக்கமான தெருவில் கிழக்கு வரிசைதான். கடல்காற்று வரட்டும் என்று மனைவி வழக்கம்போலத் தெருப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். அதைச் சாத்திவிட்டு, மெஷினை நாளைக்கு எங்கள் தெருவுக்கும் கொண்டுவரச் சொல்லி பாபுவுக்குப் போன் போட்டேன்.